நாலு விரல் உயரத்தில் விளக்கு

"விதைய சின்னவளே போடட்டும்" என்றாள் மாமியார். தக்காளி விதையை விரல் நுனியில் எடுத்திருந்த பெரிய மருமகள், அதை உறைக்குள் திருப்பிப் போட்டாள். சின்னவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். பெரியவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்; பிள்ளை இல்லை. பெற்ற கைக்கு ராசியாம், பெறாத கைக்கு இல்லையாம். விதைக்கு ஈரம் தெரியும், சூடு தெரியும். போட்டவள் பெற்றவளா என்று அது எப்போது விசாரித்தது?

பெரியவள் துணிக்கடையில் உடை திருத்துகிறவள். மறுநாளே வேலை முடிந்து வரும்போது தனக்கென்று நாற்று விடும் குழித்தட்டு ஒன்றும் விளக்கும் வாங்கிவந்தாள். அந்தக் குளிர்தேசத்தில் வெளியே பனி விலக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை நாற்று வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில்தான் வளர வேண்டும். சின்னவளின் தட்டு சமையலறை அலமாரியில், விளக்கு முழ உயரத்தில். பெரியவளுடையது தையல் மேசையில். சங்கிலி நீளமாக இருந்ததால் விளக்கு நாற்றுக்கு நாலு விரல் மேலே தொங்கியது.

மூன்றாம் வாரம் மாமியார் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னாள். "சின்னவ நாத்து ஒரு சாண் எந்திரிச்சிடுச்சு. பெரியவளோடது இன்னும் குந்திக்கிட்டு இருக்கு. எல்லாம் கைராசி."

"விடும்மா, அதுவும் இவள மாதிரிதான். குட்டை, ஆனா காரம்" என்றான் பெரியவளின் கணவன். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பெரியவளுக்கு முள்ளாகத் தைத்தது. அதன்பின் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாலும் கண் அந்த அலமாரிக்கே போனது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அளவு நாடாவை நீட்டி அளந்தாள். ஒவ்வொரு நாளும் சின்னவளின் நாற்றுதான் உயரம்.

ஒரு மத்தியானம் வீட்டில் ஒருவரும் இல்லை. சின்னவளின் விளக்கைச் சங்கிலியோடு இறக்கி, இலையை உரசாத அளவுக்குக் கீழே மாட்டினாள். கருகிப் போகட்டும் என்றுதான் மாட்டினாள். கையோடு, தன் நாற்றும் அதைப் போல உயரட்டும் என்று தன் விளக்கை முழ உயரத்துக்கு ஏற்றினாள்.

பத்து நாளில் சின்னவளின் நாற்று தண்டு பருத்து, இலை கரும்பச்சையாகி, பயில்வான் போல நின்றது. பெரியவளுடையது சரசரவென்று நீண்டு, வெளுத்து, நூல் போலச் சாய்ந்தது.

பெரியவள் அலமாரியைக் குடைந்து விளக்கு வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். உள்ளே மடித்த தாள் பிரிக்கப்படாமலே இருந்தது. விளக்கு நாலு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். தள்ளிப்போனால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நீண்டு மெலியும். அவ்வளவுதான். அப்படியென்றால் முதல் மூன்று வாரமும் ஜெயித்துக்கொண்டிருந்தது அவளுடைய குட்டை நாற்று. பொறாமை அதை அவள் கையாலேயே கெடுக்க வைத்திருக்கிறது.

அன்று சாப்பாட்டில் மாமியார் மறுபடி ஆரம்பித்தாள். "நான் சொன்னேன்ல? சின்னவ கை பட்டா கல்லும் துளிர்க்கும்."

வாயைத் திறந்தால் மானம் போகும். மூடிக்கொண்டால் ஆயுளுக்கும் ராசியில்லாதவள். பெரியவள் தாளை மேசையில் வைத்தாள்.

"கையும் இல்ல, ராசியும் இல்ல அத்தை. அவ விளக்க இறக்கி வச்சது நான்."

"நீங்களா? உங்க கொழுந்தனார் மாட்டுனார்னுல்ல நெனச்சேன்" என்றாள் சின்னவள். "எதுக்குக்கா?"

"கருகட்டும்னு."

மாமியார் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சின்னவளின் தட்டைப் பார்த்தாள், பெரியவளின் கையைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"அப்போ பெரியவ கை பட்டதாலதான் தழைச்சிருக்கு! இத்தனை நாளா இந்தக் கைய யாரும் கவனிக்கலையே!"

ஒன்பது வருஷம் காத்திருந்த பேச்சு. அது தொண்டையில் இனிப்பாக இறங்கியது, பொய் என்று தெரிந்தும். அப்போது சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். உதடு சிரிக்க, கண் சுருங்கி, பெரியவளின் கைமீதே நின்றது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். நாடாவோடு அலைந்த நாளெல்லாம் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"அத்தை, அந்தத் தாள எடுங்க" என்றாள். "ரெண்டே வரிதான். சத்தமா நீங்களே படிங்க."

"கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாதே."

"கொண்டு வர்றேன்" என்று பெரியவள் எழுந்தாள்.