மூன்றாவது கேள்வி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நாங்கள் நாலு பேரும் போனில் கூடுவோம். திருச்செங்கோட்டுப் பக்கம் பாலிடெக்னிக்கில் ஒரே விடுதி அறையில் கிடந்தவர்கள். ஒருத்தன் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். ஒருத்தன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். இன்னொருத்தன் ரிக் வண்டி முதலாளி, வடநாட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறான், பாதி நேரம் சிக்னல் இருக்காது. நான் சூரமங்கலத்தில் பேட்டரிக் கடையில் வேலை செய்கிறேன்.

விளையாட்டு ரொம்பச் சாதாரணம். ஒருத்தன் பிரபலமான ஆள் ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் கேள்வி, ஆம்பளையா? இரண்டாவது, உயிரோடு இருக்கிறாரா? மூன்றாவது, நம்மாளா? அவர்கள் மூன்று பேரும் ஒரே சாதி, தோட்டம் காடு உள்ள குடும்பம். அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போன குடும்பம் என்னுடையது. இது நால்வருக்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் விளையாடினோம். நான் நினைத்த ஆளைப் பற்றி அவர்கள் அப்படிக் கேட்டால், நானும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் இயர்போன் கெட்டுவிட்டது. ஸ்பீக்கரில் போட்டேன். "நம்மாளா?" என்று அதில் கேட்டதும், பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, அதென்ன கேள்வி? டாக்டரா, பாட்டுப் பாடறவங்களான்னு கேக்கறதுக்கு முன்னாலயே அதத்தான் கேப்பாங்களா?"

"சும்மா வெளையாட்டுக்கு" என்றேன்.

"நீங்களும் கேப்பீங்களா?"

நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவள் கேட்ட பிறகுதான் அதுவே எனக்கு உறைத்தது. அந்த வாரம் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் வழியவிட்டேன். கடைக்காரரிடம் திட்டு வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு என் முறை. ஓட்டப்பந்தயத்தில் நாட்டுக்காக ஓடிய ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். ஆம்பளையா என்றார்கள். இல்லை. உயிரோட இருக்காங்களா? ஆமாம். உடனே பெங்களூர்க்காரன், "நம்மாளா?" என்றான்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னா எப்படிடா? தெரிஞ்ச ஆளத்தான் நெனைக்கோணும்."

"ஆளத் தெரியும். சாதி தெரியாது."

"அப்பப் பேரைச் சொல்லு, நாங்க பாத்துச் சொல்றோம்" என்றான் ரிக் வண்டிக்காரன். பேரைச் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன விளையாட்டு? அது கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"வேற கேள்வி கேளுங்கடா."

"மாப்ள, அந்த ஒத்தக் கேள்வில முக்காவாசிப் பேரு கழிஞ்சிருவாங்க" என்றான் கோழிப்பண்ணைக்காரன். "அதுக்குத்தான் கேக்கறது. வேற ஒண்ணும் இல்ல."

"நம்மாளுன்னா யாருடா? என்னையச் சேத்தா, சேக்காமயா?"

ரிக் வண்டிக்காரன் பின்னால் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன்தான் கடைசியில் வாயைத் திறந்தான். "உன்னைய எவன்டா பிரிச்சுப் பாத்தான்? நீ எங்க ஊட்டுப் பையனாட்ட."

ஊட்டுப் பையனாட்டவாம், வீட்டுப் பையன் மாதிரியாம். மூன்று வருடம் ஒரே சீப்பில் தலை வாரியவனைப் பார்த்துச் சொல்கிறான். நான் போனை அணைத்தேன். பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை.

புதன்கிழமை கோழிப்பண்ணைக்காரன் கூப்பிட்டான். கடையில் ஆள் இருந்ததால் வெளியே வந்து, பஸ் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"டேய், அது யாருன்னாச்சும் சொல்லித் தொலைடா. முட்டை லாரிக்கு லோடு ஏத்தையிலயும் அதே நெனப்பா இருக்குது."

"அந்தக் கேள்விய உட்டுட்டு மொதல்ல இருந்து கேளு. சொல்றேன்."

"செரி, கேக்கறேன்." ஒழுங்காகத்தான் கேட்டான். சினிமாவா, அரசியலா, விளையாட்டா? தமிழ்நாடா? பந்து உண்டா, இல்லையா? தனியா ஆடறதா, கூட்டமா? நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டான். அவன் நாக்கு எங்கே போய் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அதைத் தாண்டி வேறு கேட்டான். கடைசியில் அவள் பெயரைச் சரியாகச் சொன்னான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பொய் சொல்வானேன். அவனை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"பாத்தியா, அது இல்லாமயே கண்டுபுடிச்சிட்டேன்" என்றான். கையோடு அடுத்ததையும் கேட்டான். "செரி, வெளையாட்டு முடிஞ்சுதில்ல. இப்பக் கேக்கலாமில்ல? அந்தப் புள்ள என்ன ஆளுங்க?"

நான் அவனைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் கடைசி வரை புரியவில்லை. "இதுக்குப் போயி ஏன்டா இப்படி எகுர்ற?" என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த ஞாயிறு அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். "எடுங்க, இல்லாட்டி ஆஃப் பண்ணுங்க" என்றாள் மனைவி. இரண்டும் செய்யவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அந்தக் கேள்வி இருக்கிற வரைக்கும் நான் விளையாட வரமாட்டேன். குழுவை விட்டு நானாகப் போகவும் மாட்டேன், அது உங்களுக்குச் சௌகரியமாகிவிடும். வேண்டாம் என்றால் நீங்களே என்னை எடுத்துவிடுங்கள்.

மூன்று பேரும் படித்துவிட்டார்கள். பெங்களூர்க்காரன் எதையோ போட்டு, நான் பார்ப்பதற்குள் அழித்திருந்தான். பதில் எழுதவும் யாருமில்லை, என்னை எடுத்துவிடவும் யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எனக்கு அழைப்புப் போடாமலே விளையாடுகிறார்களா என்று தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் போனைத் திறந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.