குளவிக் கொட்டுக்கு மூன்று சுற்று மந்திரம்

என் மாமனாருக்குத் தெரியாத பூச்சி மாரண்டஹள்ளிப் பக்கம் கிடையாது. தடிப்பு நீளமாக இருந்தால் பூரான், வட்டமாக இருந்தால் வண்டு, ஒன்றும் புரியாவிட்டால் காணாக்கடி. புது வேட்டியின் கஞ்சி ஒத்துக்கொள்ளாமல் அவருக்கே இடுப்பெல்லாம் அரித்தபோதும் காணாக்கடி என்றுதான் சொன்னார். வேப்பங்கொத்தை எடுத்துத் தனக்குத்தானே மந்திரித்துக்கொண்டார். அதையும் நாலு பேர் வாய் பிளந்து பார்த்தார்கள்.

போன வருஷம் தக்காளித் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் என் கணவரைக் குளவி கொட்டியது. ஒரே ஒரு குளவி. வீடு வந்து சேர்வதற்குள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி ஆட்டோவில் ஐந்து நிமிடம்.

"ஒடனே கெளம்பலாங்க மாமா" என்றேன்.

"மொதல்ல மந்திரிக்கணும். வெசத்தக் கட்டாம ஊசி போட்டா தலைக்கு ஏறிக்கும். நடுவுல யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா மறுபடியும் மொதல்ல இருந்துதான்."

வேப்பங்கொத்தால் தலை முதல் கால் வரை பத்து நிமிடம் தடவினார். பிறகு ஓர் இலையைப் பிய்த்து மகனின் வாயில் திணித்தார். இலை கசந்தால் விஷம் இறங்கிவிட்டதாம். பெரிய ஆராய்ச்சி!

"கசக்குதாடா?"

நாக்குத் தடித்துப்போனவருக்கு எது கசக்கும்? இல்லையென்று தலையை ஆட்டினார். இரண்டாவது சுற்று. அதிலும் கசக்கவில்லை. மூன்றாவதில் என்ன நினைத்தாரோ, கசக்கிறது என்று தலையசைத்துவிட்டார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இனி எங்க வேணா கூட்டிக்கிட்டுப் போ."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியை ஏற்றிக்கொண்டே கேட்டார்: "கொட்டி எவ்ளோ நேரமாச்சுங்க?"

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். ஒவ்வாமை என்றால் என்னவென்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். குறுக்கே பேசினால் கிழவர் மறுபடி ஆரம்பிப்பாரே என்று மூன்று சுற்றும் கைகட்டி நின்றிருந்தேன். இதை எந்த வாயால் சொல்வது?

"இப்பதாங்க. பத்து நிமிஷம் இருக்கும்."

ஊசி வேலை செய்தது. மூச்சு சீரானதும் கணவர் என் கையைப் பிடித்து இழுத்து, மெல்லக் கேட்டார்.

"அப்பா மந்திரிச்சதச் சொல்லிட்டியா?"

"சொல்லல."

நல்ல மருமகள் என்று நினைத்திருப்பார். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு என் மூஞ்சியில் நானே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.