ஒன்பதாவது பெட்டி

உள்ளங்கையை வைத்து, மனதுக்குள் பத்து வரை எண்ணி, பிறகுதான் எடுப்பார். ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் தாய் கை வைப்பாளே, அப்படி. எடை மேடை அறையின் மூலையில் இரும்புத் தாங்கியில் நிற்கிற அந்த சர்வரின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: ‘தொடாதீர்கள். உதவிக்கு பெங்களூர் எண்ணை அழைக்கவும்.’ அந்தக் காகிதத்தின் மேலேயேதான் கமலக்கண்ணன் தினமும் காலையில் கை வைக்கிறார். ஆறு மாதத்தில் எண்ணெய்ப் பசை படிந்து பெங்களூர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்தே போய்விட்டன.

“சத்தம் பொய் சொல்லும் சார். சூடு சொல்லாது” என்பார், யாரும் கேட்காமலே.

வெளியே பலமனேரிலிருந்து வந்த தக்காளி வண்டி ஹாரன் அடிக்கும். “வந்துக்கினே கீறேன்பா! இன்னாத்துக்கு இப்படி அலர்றே?” என்று கையை எடுத்துக்கொண்டு ஓடுவார். வண்டி எண், எடை, டிரைவர் கையெழுத்து. சித்தூருக்கு வெளியே இருக்கும் அந்த மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் இப்போது அவருடைய உத்தியோகம் அவ்வளவுதான். யாரும் கொடுக்காமல் அவராகச் செய்கிற ஒரே வேலை, அந்தக் கை வைக்கிற வேலை.

ஐம்பதை நெருங்குகிற வயது. நகரியில் விசைத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காருமுன் ஜெனரேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர். “ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் கை வெச்சிப் பாக்கறியே, எனக்கு ஜுரம் வந்தா மட்டும் தெர்மாமீட்டர் தேடறியே, இன்னா நியாயம் இது?” என்று மனைவி ஸ்வர்ணலதா கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

போன வருடம் வரை அவர் அந்தத் தொழிற்சாலையின் சிஸ்டம் இன்சார்ஜ். ஒரு குளிர் அறை, மூன்று ஏசி, ஒன்பது சர்வர்கள். கணக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, ஏற்றுமதிக் காகிதங்களுக்கு ஒன்று என்று வரிசையாக நிற்கும். ஒன்பதாவது மட்டும் மூலையில். உறைந்த கூழ் டிரம்களை அடுக்கி வைத்திருக்கும் குளிர்க் கிடங்கை இரவு பகலாகக் கவனிப்பது அதன் வேலை. கிடங்கில் வெப்பம் ஏறினால் அடுத்த நிமிடம் கமலக்கண்ணனின் செல்போன் கத்தும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ‘நலம்’ என்று ஒரு செய்தி வரும்.

ஆயுத பூஜை வந்தால், குளிர்க் கிடங்கின் கம்ப்ரஸரைத் தவிர, அந்தத் தொழிற்சாலையில் எதுவும் ஓடக்கூடாது. ஓடுகிற இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தால் அபசாரம் என்பது முதலாளி குடும்பத்து வழக்கம். கமலக்கண்ணன் எட்டு சர்வர்களை முறையாக நிறுத்தி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஒன்பதாவதை மட்டும் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் கிடங்குக்குக் கண் போய்விடும். அதனால் முதல் நாளே அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார். பதினோரு வருடம் அதற்குப் பொட்டே இல்லை. யாரிடமும் அவர் அதைச் சொன்னதும் இல்லை. சாமி விஷயம், சொன்னால் வம்பு.

முதலாளி மோகன்ராஜின் மகள் பிரித்திகா பெங்களூரில் படிப்பை முடித்துவிட்டு வந்தாள். வந்த முதல் மாதமே மின்சார பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “அங்கிள், இந்த ஒன்பது மெஷினும் நாள் பூரா என்ன பண்ணுது?”

“முக்காவாசி நேரம் சும்மாதாம்மா கீது.”

உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த ஒரு உண்மைதான் பின்னால் அவர் கழுத்துக்குச் சுருக்காக வந்தது.

விர்ச்சுவலைசேஷன் என்றாள் அவள். ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள் உடம்பே இல்லாத ஒன்பது சர்வர்கள். மேனேஜர் ஹரிபாபுவுக்குத் தலை சுற்றியது. கமலக்கண்ணன்தான் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: “ஒம்போது குடும்பம் ஒம்போது வூட்ல இருந்துது சார். இப்ப ஒரே வூடு, ஒம்போது போர்ஷன். மீட்டரு ஒண்ணு, தண்ணித் தொட்டி ஒண்ணு. செலவு கம்மி. ஆனா அந்த வூடு இடிஞ்சா ஒம்போது குடும்பமும் ஒண்ணா தெருவுக்கு வரும்.”

அதனால்தான் இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி பிரித்திகாவிடம் கொடுத்தார். இதே மாதிரி இரண்டாவது ஒரு சர்வர் வேண்டும். அது வேறு கட்டடத்தில், வேறு மின் இணைப்பில் இருக்க வேண்டும். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். எந்தக் காரணம் கொண்டும், ஆயுத பூஜைக்கானாலும் சரி, இதை நிறுத்தக்கூடாது. அவள் படித்துப் பார்த்துவிட்டு மேஜை டிராயரில் வைத்தாள். “செலவைக் குறைக்கத்தானே இதைப் பண்றோம் அங்கிள்? ரெண்டாவது அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

பதினாறு நாள் கமலக்கண்ணன் வீட்டுக்குக் குளிக்க மட்டும் போனார். ஒவ்வொரு பழைய சர்வராக அதன் உயிரை உருவிப் புதிய உடம்புக்குள் வைத்தார். ஒரு கணக்குகூடத் தவறவில்லை. வேண்டா வெறுப்பாகத் தொடங்கியவர் கடைசியில் அதன் மேல் ஆசை வைத்துவிட்டார். மூன்று ஏசியில் இரண்டு நின்றன. ஒரு நாள் ஏற்றுமதிக் காகிதங்களின் சர்வர் செத்துப்போனது. பழைய காலமென்றால் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும், இரண்டு நாள் போகும். எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து அதை எழுப்பிவிட்டுத் திரும்பியபோது அவர் டீ ஆறக்கூட இல்லை. “பாத்தியா, செத்தது எழுந்து வந்து கையெழுத்துப் போடுது!” என்று வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பழைய எட்டுப் பெட்டிகளும், அந்த ஒன்பதாவதும், இரும்புக்காரனின் ஆட்டோவில் ஏறிப் போயின.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஸ்வர்ணலதா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவளைப் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துப் போனார். கட்டுக்காக வந்த கூட்டத்தில் உட்கார்ந்தபடியே ஹரிபாபுவை அழைத்தார்.

“சார், புது மெஷினுக்குப் பொட்டு மட்டும் வைங்க. நிறுத்தாதீங்க.”

“பர்வாலேது கமல்காரு! வீட்டம்மாவைப் பாருங்க. ஒரு பெட்டிதானே, நான் பார்த்துக்கிறேன்.”

ஒரு பெட்டி! மறுநாள் மதியம் வரவேண்டிய ‘நலம்’ வரவில்லை. மறுபடி அழைத்தார். பின்னால் பூசணிக்காய் உடைக்கிற சத்தம், கற்பூரம் கற்பூரம் என்று யாரோ கத்துகிற சத்தம். ஹரிபாபு சிரித்தார்: “கோல்டு ரூம் பக்கத்துலதான் நிக்கறேன். கம்ப்ரஸர் ஜம்முன்னு ஓடுது. சத்தம் கேக்குது பாருங்க.”

கேட்டது. போன் வழியாக அந்த ‘ர்ர்ர்’ என்ற சத்தம் கேட்டது. சத்தம் பொய் சொல்லும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதன், மனைவியின் வலிமுனகல் ஒரு காதில் இருக்க, மறு காதில் கேட்ட சத்தத்தை நம்பிவிட்டார்.

அன்று இரவு மின்சாரம் போய் வந்தது. கம்ப்ரஸர் மறுபடி ஓடவில்லை. கத்த வேண்டிய கண், சந்தனம் பூசி, மாலை போட்டு, அணைந்து கிடந்தது. மறுநாள் விஜயதசமி, விடுமுறை. அதற்கடுத்த நாள் கிடங்கைத் திறந்தபோது புளித்த மாம்பழ வாடை எடை மேடை வரை வந்தது. டிரம் டிரம்மாக, ஒரு சீசனின் கூழ். அப்பா, அந்த வாடை! மூன்று நாள் குளித்தும் போகவில்லை என்று இன்றைக்கும் மணிக்கட்டை மோந்து பார்த்துக்கொள்கிறார்.

விசாரணை மோகன்ராஜின் அறையில் நடந்தது. ஹரிபாபு பொய்யே சொல்லவில்லை. “வருஷா வருஷம் இவரே நிறுத்தித்தான் பூஜை பண்ணுவார் சார். அதையேதான் நானும் பண்ணேன்.”

“நிறுத்தாதீங்கன்னு போன்ல சொன்னேனே சார்!”

“கூட்டத்துல சரியா கேக்கலை” என்றார் ஹரிபாபு. அது மட்டும்தான் பொய்.

“எட்டைத்தான் நிறுத்துவேன் சார்” என்றார் கமலக்கண்ணன் முதலாளியிடம். “ஒம்போதாவத நிறுத்த மாட்டேன். செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சிடுவேன்.”

மோகன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படின்னா... அதுக்குப் பூஜையே பண்ணலையா?”

“இல்ல சார்.”

“எத்தனை வருஷமா?”

“பதினோரு வருஷம்.”

ஹரிபாபு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சர்வர் ஏன் நின்றது, இரண்டாவது ஏன் இல்லை என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. ஒரு சீசன் கூழ் ஏன் அழிந்தது என்பதற்கு அந்த அறையில் இருந்தவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கமலக்கண்ணன் பிரித்திகாவைப் பார்த்தார். டிராயரில் இருக்கும் அந்த இரண்டு பக்கத்தை அவள் எடுத்து மேஜைமேல் போட்டால் போதும். அவள் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரை இருட்டாக இருந்தது.

சர்வரைக் கவனிக்கும் பொறுப்பு பெங்களூர் கம்பெனிக்குப் போனது. அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்வார்களாம். ஒரே பெட்டிக்கு இங்கே ஒரு ஆள் எதற்கு? மகள் ரோஹிணி திருப்பதியில் நர்சிங் மூன்றாம் வருடம். “படிப்பு முடியற வரைக்கும் எங்கனா ஒரு மூலையில போடுங்க சார்” என்று கேட்டார். எடை மேடையில் போட்டார்கள்.

மார்ச் மாதத்தில் இரண்டாவது சர்வர் வந்தது. வேறு கட்டடம், வேறு மின் இணைப்பு. அதற்குத் தோதான இடம் எடை மேடை அறை என்று முடிவாயிற்று. பெட்டியோடு வந்த காகிதங்களில் அவருடைய இரண்டு பக்கக் குறிப்பும் இருந்தது. எழுத்துக்கு எழுத்து அவருடையது. கீழே பெங்களூர் கம்பெனியின் முத்திரை. ஆயுத பூஜை என்ற வரி மட்டும் இல்லை. பெங்களூர்க்காரனுக்கு அது எதற்கென்று விளங்கியிருக்காது.

இந்த வருடம் ஆயுத பூஜை அன்று காலை கமலக்கண்ணன் வழக்கம்போல் கை வைத்தார். பத்து வரை எண்ணி முடிக்கவில்லை, உள்ளங்கைக்குக் கீழே சூடு ஏறியது. விசிறிகள் வேகமெடுத்தன. அவருக்கு விளங்கிவிட்டது. அங்கே முதல் வீடு இடிந்துவிட்டது. ஒன்பது குடும்பமும் மூட்டை முடிச்சோடு இங்கே ஓடிவந்து ஏறிக்கொண்டிருக்கின்றன. கையை எடுக்காமல் வாசலைப் பார்த்தார்.

ஹரிபாபு தாம்பாளத்தோடு வந்தார். பின்னால் இரண்டு பேர் மாலையோடு.

“ஏமண்டி கமல்காரு, பண்டிகை அதுவுமா இன்னா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க? அங்கே ஆஃப் பண்ணி பூஜை அருமையா முடிஞ்சுது. ரெண்டுல ஒண்ணு நின்னா ஒண்ணுமே ஆகாதுன்னு பெங்களூர்க்காரனே சொல்லியிருக்கான். இனிமே இதுதான் பாக்கி. சுவிட்ச் எந்தப் பக்கம்?”

“சார், இப்ப எல்லாம் இதுலதான் ஓடிக்கினு கீது. இத நிறுத்தாதீங்க.”

“பதினோரு வருஷம் நீங்க பொட்டு வைக்காம விட்டதாலதானே அவ்வளவு கெட்டதும்? தள்ளுங்க. ராகு காலம் வர்றதுக்குள்ள முடிக்கணும்.”

கமலக்கண்ணன் நகரவில்லை. முதுகை சுவிட்சோடு ஒட்டிக்கொண்டு, சர்வரைத் தன் உடம்பால் மறைத்து நின்றார். சந்தனம் குழைத்த விரல் நீண்டு வந்தபோது கண்களை மூடிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, தன் நெற்றியைக் காட்டினார்.