தள்ள நாலு பேர்

ராஜவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் அவரிடம் மிஞ்சியது வாய் ஒன்றுதான். பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்தில் அது தொடாத வீடு இல்லை. மனைவியின் அண்ணன் கிருஷ்ணசாமி தன் மகளின் மறுவீட்டு விருந்துக்கு அழைத்திருந்தபோது, பந்தி நடுவே, "கொழம்புல மீனு இன்னிக்கி லீவு போலிருக்கு மச்சான்" என்றார் ராஜவேல். அன்றிலிருந்து மூன்று வருஷமாகப் பேச்சில்லை. மற்றவர்களோடு முறிந்ததற்கு இவ்வளவு பெரிய காரணம்கூடக் கிடையாது.

சித்திரையில் அவர் படகு, கடல் அரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டிய கல்லில் மோதிப் பிளந்தது. படகில்லாதவன் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏற வேண்டும். அடுத்தவன் என்று அவருக்கு யாரும் மிச்சமில்லை.

அரியாங்குப்பத்து நாராயணசாமி இரண்டு ஃபைபர் படகுகளை விற்கவிருந்தார். ஒன்று முப்பத்திரண்டு அடி, மற்றது இருபத்திரண்டு. ராஜவேலால் இரண்டில் எதையும் வாங்க முடியும். அதுதான் சிக்கல்.

"சின்னது போதும்யா" என்றாள் மனைவி அஞ்சலாட்சி.

"சின்னத வாங்குனா உங்கண்ணன் சிரிப்பான்."

"பெருச வாங்குனா யாரு தள்றது? அவனா?"

"பெரிய படக பாத்தா ஜனம் தானா வரும்."

பெரிய பொருளுக்கு மரியாதை தானாக வரும் என்று நம்பியவர்கள் உலகில் நிறைய. ராஜவேல் அவர்களில் சத்தம் அதிகமானவர்.

படகு கரை தொட்டால் நிற்பவர்கள் இறங்கித் தோள் கொடுப்பார்கள். தள்ளியவனுக்கு ஒரு கை மீன். அது ஊர் வழக்கம். கல் கொட்டிய பிறகு மணல் சந்து அளவுதான், படகை இழுக்க டிராக்டர் இறங்காது. பெரியதற்குப் பத்துப் பேர் வேண்டும், சின்னதற்கு நாலு பேர்.

ஞாயிறு காலை நாராயணசாமியோடு பெரிய படகை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். கரையில் இருபது பேர் வலை சீர்செய்துகொண்டிருந்தார்கள். படகு மணலில் மூக்கை வைத்தது. ஒருவரும் எழவில்லை.

"ஒரு கை குடுங்கப்பா!"

கிருஷ்ணசாமி தலை நிமிராமல் சொன்னார்: "கையெல்லாம் இன்னிக்கி லீவு போலிருக்கு மாப்ள."

கரையே சிரித்தது. அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கல்லை நோக்கி இழுத்தது.

"யோவ், எறங்குய்யா! இது இன்னும் என் படகு!" என்று அலறிய நாராயணசாமி, ராஜவேலை மார்பளவுத் தண்ணீரில் விட்டுவிட்டுப் படகோடு போய்விட்டார்.

நனைந்த கைலியோடு கரையேறிய ராஜவேல், "பெரிய படகு தொழில் தெரியாதவனுக்கு" என்று அறிவித்தார். சின்னதே முடிவாயிற்று.

ஆனால் அதைத் தள்ள வீட்டில் அவர், அஞ்சலாட்சி, மகன் அன்பழகன் என மூன்றே பேர். இரண்டு படகில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. ஊர் நிறைய இருந்த பகையில் நாலாவது ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆயிற்று.

கடைசியில் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து கிருஷ்ணசாமி வீட்டுக்குப் போனார். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தட்டு வந்தது. குழம்பு ஊற்றினார்கள். மாங்காய், கத்தரிக்காய், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வீடே அவர் வாயைப் பார்த்தது.

"கொழம்பு எப்டி மாப்ள?"

"நல்லாருக்கு மச்சான்."

"மீனு?"

ராஜவேல் பெரிய உருண்டையாகப் பிடித்து வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டார். அதை அவர் விழுங்கும் வரை கிருஷ்ணசாமி காத்திருந்தார். ராஜவேல் அடுத்த உருண்டையைப் பிடித்தார்.

"படகு என்னிக்கி வருது?" என்றார் கிருஷ்ணசாமி.