படமாகப் போட்ட கேள்வி

பேருந்துப் பணிமனையில் உதிரிப்பாகக் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. ஸ்டோர்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். எந்த நட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டிலும் பருப்பு டப்பாவிலிருந்து மருந்துப் பெட்டி வரைக்கும் சீட்டு ஒட்டியிருப்பார். "விட்டா என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுவாரு" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்யும் குழு ஒன்றைப் பற்றி வானொலியில் கேட்டு, ஐம்பதாவது வயதில் அதில் சேர்ந்தார். நல்ல கணீரென்ற குரல். குழுவில் பதினோரு பேர், பதினோரு ஊர்களில். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆரம்பித்தவர் ஒரு டாக்டரம்மா. மற்றவர்கள் வாசிப்பார்கள், டெலிபோன் அக்கா கேட்டுப் பிழை சொல்வார்.

அந்த அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை அவருடைய போன் வாசித்துச் சொல்லும். புத்தகத்தின் பிரெய்ல் பிரதியில் விரலை ஓட்டியபடியே பதிவைக் கேட்பார். ஒரு சொல் தவறினாலும் தப்பாது.

"தம்பி, ஆறாவது நிமிஷத்துல யார் வீட்லயோ குக்கர் விசில் அடிக்குது. மூணு விசில்ல வரலாறு நல்லா வெந்துருச்சு. மறுபடி படிச்சுடுங்க" என்று குரல் செய்தி வரும். ஸ்டோர்காரர் கிடங்கில் உட்கார்ந்து தனியாகச் சிரிப்பார்.

எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் நடந்தது. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே பதிவுகள் புதைந்து போயின. ஒரே பாடத்தை இரண்டு பேர் வாசித்தார்கள். ஒரு பாடத்தை யாருமே வாசிக்கவில்லை. "நீங்கதான் ஒழுங்கானவரு. வேற நல்ல செயலி ஏதாவது பாத்து எல்லாரையும் அதுக்கு மாத்திடுங்க" என்று டாக்டரம்மா அவரிடம் ஒப்படைத்தார்.

மூன்று வாரம் அதே வேலையாகக் கிடந்தார். மூன்று செயலிகளை இறக்கிப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு பலகை, அதில் வாசிக்க, சரிபார்க்க, முடிந்தது என்று மூன்று பத்திகள். ஒவ்வொரு பாடமும் ஓர் அட்டை. விரலால் தள்ளினால் அட்டை அடுத்த பத்திக்குப் போகும். கெடு நாள் தவறினால் சிவப்பாகும். அவருடைய கிடங்கே கைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

தானாக முடிவெடுக்கக் கூடாது என்று மூன்று செயலிகளையும் படம் பிடித்துக் குழுவில் போட்டு, "ஒண்ணா, ரெண்டா, மூணா, சொல்லுங்க" என்று எழுதினார். ஒன்பது பேர் சொன்னார்கள். அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "தம்பி, ஏதோ படம் போட்டிருக்கீங்க போல. என் போன் 'படம், படம், படம்'னு மட்டும் சொல்லுது. நேரம் கிடைச்சா என்னன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்போது கிளட்ச் தட்டுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தார். அப்புறம் மறந்துபோனார். மூன்றாவது ஜெயித்தது. பழைய குழுவில் இனி யாரும் எழுத முடியாதபடி அவரே பூட்டினார்.

முதல் மாதத்திலேயே இருபத்தாறு பாடங்களை வாசித்து முடித்தார்கள். டாக்டரம்மா வாயாரப் புகழ்ந்தார். ஆனால் சரிபார்க்கும் பத்தியில் அக்கா பெயரிலிருந்த அட்டைகள் மட்டும் ஒவ்வொன்றாகச் சிவந்தன. இதற்கிடையில் ஒருநாள் ஒரு பாடத்தின் அட்டையே காணாமல் போயிற்று. யாரோ அழித்திருந்தார்கள். கோபத்தில் எல்லோருக்கும் தனித்தனியாகக் குறுஞ்செய்தி எழுதினார்: "ஒரு பாடம் காணாமப் போச்சு. தெரியாதவங்க தயவுசெஞ்சு கை வைக்காதீங்க."

பிறகு அக்காவுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "வேலை அதிகம்னா சொல்லுங்கக்கா, வேற ஆளுக்கு மாத்திடறேன்."

"மாத்திடுங்க தம்பி" என்று பதில் வந்தது. அக்காவுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அட்டைகளைக் குழுவிலிருந்த வங்கி ஊழியருக்குத் தள்ளிவிட்டார்.

தேர்வு முடிந்த வாரம் ஒரு கல்லூரி மாணவி போன் செய்தாள். "சார், பொருளாதாரம் நாலாவது பாடத்துல நடுவுல எதுவோ விட்டுப்போயிருக்கு. அதுலேருந்துதான் பெரிய கேள்வி வந்துச்சு. நான் எழுதல." கோபமில்லாமல்தான் சொன்னாள். அந்தப் பாடத்தை வாசித்தவர் ஸ்டோர்காரரேதான். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார். நாற்பது நிமிடப் பதிவை வங்கி ஊழியர் பத்தே நிமிடத்தில் 'முடிந்தது' பத்திக்குத் தள்ளியிருந்தார்.

அன்று மதியமே அக்காவைக் கூப்பிட்டார். "அந்தப் பதிவை நீங்க கேட்டிருந்தா இது நடந்திருக்காதுக்கா. ஏன்க்கா விட்டுட்டீங்க?"

"விடல தம்பி. அந்தப் பலகைல என் போன் 'பட்டன், பட்டன்'னுதான் சொல்லுது. எந்தப் பட்டன்னு சொல்ல மாட்டேங்குது. நாலு சாயங்காலம் உக்காந்து தடவிப் பாத்தேன். எதையோ அமுக்கிட்டேன். ஒரு பாடம் காணாமப் போச்சுன்னு எழுதினீங்களே, அது நான்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"படத்தப் பத்திக் கேட்டேனே. மறுபடி கேக்கக் கூச்சமா இருந்துச்சு. வீட்ல, பஸ்ல, ஆபீஸ்ல எல்லா இடத்துலயும் யாரையாவது கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். அந்தக் குழுல மட்டும்தான் மத்தவங்க என்னைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

போனை வைத்ததும், திரையை வாசிக்கும் வசதியைத் தன் போனில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அரைமணி நேரம் போராடியும் ஓர் அட்டையைக்கூடத் திறக்க முடியவில்லை. பார்வையில்லாதவர்களுக்கான குழுவுக்குச் செயலி தேடிய மூன்று வாரத்தில் ஒருமுறைகூட இதைச் செய்து பார்க்கத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் பழைய குழுவைத் திறந்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. பலகையை விட்டுவிட்டு, பாடத்துக்கு ஒரு மின்னஞ்சல் என்று எளிதாக வைத்துக்கொண்டார்கள். வேகம் பாதியாகக் குறைந்தது.

விட்டுப்போன பக்கங்களை வாசித்து அக்காவுக்கு அனுப்பினார். கேட்டுவிட்டு, ஒரு புள்ளிவிவரம் தப்பு என்று திருத்தி அனுப்பினார் அக்கா. "திரும்ப வந்துடுங்கக்கா" என்றார் இவர்.

"சாயங்காலத்துல இப்ப ஒரு உதவி எண்ணுக்கு வர்ற போனை எடுக்கறேன் தம்பி. மனசு சரியில்லாதவங்க பேசுவாங்க. நடுவுல விட முடியாது. கோவமெல்லாம் இல்ல. உங்க குரல் நல்லா இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க."

சரிக்கா என்றார். படம் என்னவென்று கேட்ட அக்காவின் அந்தப் பழைய குரல் செய்தி இன்னும் அவர் போனில் இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதினார். மூன்று படங்களிலும் என்னென்ன இருந்தன என்று வரி வரியாக விவரித்தார். எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தார். அனுப்பவில்லை.