கொலையாளிக்கு முகம் வரைய மாட்டேன்

பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்கால் கடற்கரையில் நடந்த, துப்புத் துலங்காத ஒரு கொலையைப் படக்கதையாக வரைந்துகொண்டிருந்தேன். ஊர்ப் பேச்சை நம்பி, ஒரு படகுக்காரரைக் கொலையாளியாக வரைந்திருந்தேன்.

அவருடைய கொள்ளுப்பேத்தி என்னைத் தேடி வந்தாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வர்றவங்க இந்தக் கதையக் கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்கக்கா. நீங்க படமும் போட்டுட்டா அவ்வளவுதான். அவரு கொன்னத யாரு பாத்தா?"

நான் பொறியியல் படித்தவள். ஆதாரங்களை வரிசைப்படுத்தினேன்: முன்விரோதம், படகில் ரத்தக்கறை, ஊரைவிட்டுப் போனது. எல்லாமே கேள்விப்பட்டவை.

கொலையாளியை முகமில்லாமல் வரையப்போவதாகப் பதிப்பாளரிடம் சொன்னேன்.

"கொலைகாரன் யாருன்னு சொல்லாட்டி எவம்மா வாங்குவான்?"

"வாங்க வேணாம் சார். தெரியாதத தெரிஞ்ச மாதிரி வரைய மாட்டேன்."

புத்தகம் இன்னும் அச்சாகவில்லை. அச்சாகாமலே போனாலும், அவளைக் கொலைகாரன் வீட்டுப் பெண்ணாக்கும் வேலை என் கையால் நடக்காது.