காதுக்குள் ஒரு குரல்

பகலில் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை, மாலையில் மேடை. அம்மா வாழ்ந்தது இப்படித்தான். கொடிகட்டிப் பறந்த ஒரு நடிகையின் கதையைத் தன்னந்தனியாக நடித்துக் காட்டுவார். அந்த நடிகையை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெருவுக்கே அம்மாதான் ஸ்டார். "என்ன ஸ்டாரம்மா, இன்னைக்கு ஷூட்டிங் இல்லையா?" என்று காய்கறிக்காரர் வம்பிழுப்பார். "உன் கத்திரிக்காய்க்கு மேக்கப் போட்டுட்டு வர்றேன்யா" என்பார் அம்மா.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாபகம் நழுவிக்கொண்டே வந்தது. போன முறை நாடகம் பாதியில் நின்றுபோனது. அரங்க மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை நின்றால் மேடை கிடையாது என்று.

"ஒரே ஒரு தடவை முழுசா முடிச்சிடறேன்டா" என்று அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகன் ஒலிப்பொறியாளன். நரைமுடிக்குள் மறையும்படி சின்ன இயர்போனை அம்மாவின் காதில் பொருத்தினான். அரங்கின் பின்னாலிருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக்கில் வசனம் சொன்னான். கேட்டதை அவர் சொன்னார். முதல் காட்சி பிசகில்லாமல் போனது.

இரண்டாவதில் தள்ளாடினார்.

"அம்மா, மேசையப் பிடிச்சுக்கோ" என்றான்.

"அம்மா, மேசையப் பிடிச்சுக்கோ!" என்று கம்பீரமாக முழங்கினார். ஆனால் மேசையைத் தொடவில்லை. அரங்கு சிரித்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. காதில் விழுவதெல்லாம் அவருக்கு வசனம். ஓடிப்போய்த் தாங்கினால் நாடகம் போச்சு. மறுபடி மைக்கை அழுத்தினான்.

"கால் வலிக்குது. கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்."

அவர் அதைச் சொன்னார். சொன்னபடியே உட்கார்ந்தார்.

"தாகமா இருக்கு" என்றான். அவரும் சொல்லிவிட்டு, மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். "எனக்குப் பயமில்ல" என்றான். அதையும் சொன்னார்.

கடைசிக் காட்சியில் நடிகை, வராத மகனுக்காகக் காத்திருக்க வேண்டும். அம்மா தலையைச் சாய்த்து, காதைத் தொட்டார்.

"யாருப்பா நீ? உள்ளயே பேசிட்டிருக்க?"

அது அவன் சொல்லிக்கொடுத்தது இல்லை.

"நான் உன் பையன்மா."

"நான் உன் பையன்மா" என்றார், அவன் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு. முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

இன்னொரு முறை சொன்னான். இன்னொரு முறை சொன்னார். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கடைசி வசனத்தை எடுத்துக் கொடுத்தான். அதைச் சொல்லி முடித்தார். திரை இறங்கியது. கைதட்டல் ஓயவில்லை. திரைக்குப் பின்னால் அம்மா நாற்காலியை விட்டு எழாமல் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்.

"வீட்டுக்குப் போறேன்" என்றான் மைக்கில்.

"வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்தார்.